மலையேறிய ரம்பங்கள்

பெரிய வன்மரம் அறுக்க எந்த மிஷின் நல்லது என்று கேட்டால் கடைக்காரர் மூன்று எண்களைச் சொல்வார். இஞ்சின் எத்தனை சிசி, பலம் எத்தனை கிலோவாட், சங்கிலி ஓடும் பார் எத்தனை இஞ்ச். தேவாரத்தில் நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யார் தூக்கிக்கிட்டு மேலே போறது?

எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. முகட்டைத் தாண்டினால் கேரளத்தின் உடும்பன்சோலை வட்டம், ஏலத்தோட்டங்கள். வண்டியில் போக வேண்டுமென்றால் வடக்கே போடிமெட்டு வழி, இல்லையென்றால் தெற்கே கம்பம்மெட்டு வழி. ஊரிலிருந்து நேராக ஏறும் சாக்கலூத்து மெட்டுப் பாதைக்கு ரோடு போட்டுத் தருகிறோம் என்பது ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிற பேச்சு. அந்தப் பாதையில் போனதெல்லாம் தோளிலும் தலையிலும்தான் போயிருக்கிறது. அரிசி, கருவாடு, உரம், ரம்பம் எல்லாமே. அதனால் ரம்பத்தின் வரலாற்றை எடையிலிருந்து ஆரம்பிப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

சங்கிலி ரம்பத்தின் முதல் வடிவம் மரத்துக்கானதே இல்லை. 1780களில் ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு மருத்துவர்கள் எலும்பு அறுக்கப் பயன்படுத்திய, கையால் இழுக்கும் சின்னப் பல் சங்கிலி அது. பிரசவம் சிக்கலானால் தாயின் இடுப்பெலும்பு இணைப்பைப் பிரிக்கவும் அது பயன்பட்டது. படிக்கும்போதே வயிறு கலங்குகிற தகவல், ஆனால் உண்மை. மரத்துக்கு வர இன்னும் 140 வருஷம் ஆனது. ஜெர்மனியில் எமில் லெர்ப் என்பவர் 1927இல் டோல்மார் என்ற மலையில் தன் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார். எடை 58 கிலோ. மலையின் பெயரே கம்பெனியின் பெயராகிவிட்டது. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929இல் கொண்டுவந்த பெட்ரோல் மிஷின் 46 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். ஒரு சிமெண்ட் மூட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மரம் அறுப்பதை நினைத்துப் பாருங்கள்.

அது எடை குறைந்து குறைந்து வந்த கதை சுருக்கமானது. 1950இல் ஒரே ஆள் பிடிக்கக்கூடிய பெட்ரோல் ரம்பம், 16 கிலோ. 1959இல் கான்ட்ரா, 12 கிலோ, பல்சக்கரப் பெட்டி இல்லாமல் இஞ்சினே நேராகச் சங்கிலியைச் சுழற்றியது. அதே 1959இல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்ணா தன் முதல் ரம்பத்தை வெளியிட்டது. அந்தக் கம்பெனி 1689இல் அரசருக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கிய ஆலை.

எடையைவிடப் பெரிய மாற்றம் பல்லில் நடந்தது. அதற்கு முன்பு சங்கிலியின் பற்கள் கை ரம்பத்தின் பல்லைப் போல மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன, சீக்கிரமே மழுங்கின. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி ஒரு வண்டுப் புழு கட்டையைக் குடைவதைக் கவனித்தார். புழு சுரண்டவில்லை. வாயை இடமும் வலமுமாக மாற்றிச் சீவிக்கொண்டே போனது. அவர் அதே மாதிரி வளைந்த பற்களை இடம் ஒன்று, வலம் ஒன்று என்று சங்கிலியில் கோத்தார். இன்று தேனி மாவட்டத்தில் ஓடுகிற எந்தச் சங்கிலியை எடுத்துப் பார்த்தாலும் அந்தப் புழுவின் வாய் தெரியும்.

இதெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தபோது இங்கே என்ன இருந்தது? ரெண்டாள் ரம்பம். என் பெரியப்பா அறுப்புக்காரர். முதலில் கோடாலியால் மரம் சாயவேண்டிய பக்கம் வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கம் ரம்பம் போடுவார்கள். மரம் ரம்பத்தைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பின்னாலேயே ஆப்பு அடிப்பார்கள். சாய்ந்த மரத்தைத் துண்டு போட்டு, பரணில் ஏற்றி, கரி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டு, மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் நின்று பலகையாக அறுப்பார்கள். கீழே நிற்கிறவர் முகமெல்லாம் மரத்தூள். "கீழாளுக்குத்தான் கண்ணு போகும், மேலாளுக்கு இடுப்பு போகும்" என்பார். அவர் மேலாள். கடைசிக் காலத்தில் குனியவே முடியாமல் இருந்தார்.

அவர் ரொம்ப மரியாதையாகப் பேசிய மரம் நாங்கு. இரும்பு மரம் என்று அதற்கு உலகமெங்கும் பெயர். தண்ணீரில் போட்டால் மூழ்கும். வெடிப்பலா, பாலி, நாங்கு, இந்த மூன்றும் சேர்ந்து நிற்பதுதான் நம் பக்கத்து நடுமலை மழைக்காட்டின் அடையாளம். "நாலடி நாங்கு ஒன்ன சாய்க்க ஒரு பகல் பூரா போயிரும்டா. பல்லுக்கு அரம் போட்டே பாதிப் பொழுது போயிரும்." அந்த ஒரு பகல் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான்.

ஒரு பொதுவான நம்பிக்கையை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். மலைக்காட்டை அழித்தது மிஷின் ரம்பம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காலக்கணக்கு அப்படி இல்லை. மூணாறு பக்கம் தேயிலைக்காகச் சோலைகள் போனது 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். கோடாலியும் தீயும்தான் கருவி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பஞ்சத்தைக் காட்டித் திருவிதாங்கூர் அரசு மலை நிலங்களைப் பயிருக்குத் திறந்துவிட்டது. 1955இல் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது குடியேற்றத் திட்டம் வந்தது, குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர். எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் நெடுங்கண்டம் அருகே கல்லாறில் பட்டம் காலனி என்று இன்றும் அவர் பெயரில் ஊர் இருக்கிறது. மொழிவழி மாநிலங்கள் பிரியப்போகிற நேரம், தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற சண்டை நடந்த நேரம். அப்போது வெட்டியதெல்லாம் கைதான். பெருங்காடு போவதற்குப் பெட்ரோல் தேவைப்படவில்லை. ஓர் அரசும், ஒரு திட்டமும், நூற்றுக்கணக்கான ஆட்களும் தேவைப்பட்டார்கள்.

மிஷின் மாற்றியது இதைத்தான். இப்போது அந்த நூறு பேர் வேண்டாம். ரெண்டு பேரும் ஒரு விடியற்காலையும் போதும்.

சரி, எந்த மிஷின்? வெப்பமண்டல வன்மரம் என்றாலே பேச்சு ஸ்டில் 070இல்தான் ஆரம்பிக்கும். 1960களின் கடைசியில் வந்தது, 105 சிசி. மெதுவாகச் சுற்றும், ஆனால் முறுக்கு விடாது. பாரை மரத்தில் அழுத்தினால் சின்ன மிஷின்கள் மூச்சுத் திணறி நிற்கும் இடத்தில் இது முனகிக்கொண்டே போகும். அதன் அண்ணன் 090, 137 சிசி. அமேசானிலும் போர்னியோவிலும் பெருமரங்கள் விழுந்ததில் இந்த வகைக்குப் பெரிய பங்கு உண்டு. வார்ப்பு எளிமையானது, உதிரி கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். அதனால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சீனாவில் அதை அச்சு அசலாக நகலெடுத்து விற்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய வார்ப்பில் சங்கிலி பிரேக் கிடையாது. பாரின் மூக்கு எதிலாவது பட்டு மிஷின் முகத்துக்கு நேரே எகிறினால் நிறுத்த எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த பெரியவை இரண்டு. ஸ்டில் 880, 121.6 சிசி, 6.4 கிலோவாட். ஹஸ்க்வர்ணா 3120, 118.8 சிசி, 6.2 கிலோவாட். காகிதத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டும் பாரும் சங்கிலியும் இல்லாமலே பத்துக் கிலோ அளவுக்கு இருக்கும். சாய்ந்து கிடக்கும் அடிமரத்தை அங்கேயே நீளவாக்கில் பலகையாக அறுக்க வேண்டுமென்றால் இவற்றுக்கு மாற்று இல்லை. இஞ்சின் பத்து நிமிஷம் விடாமல் முழு வேகத்தில் உழைக்கும் வேலை அது. ஆனால் மரத்தைச் சாய்க்க மட்டும் என்றால் எனக்கு இவை வீண் பாரம் என்றே தோன்றுகிறது. ஹஸ்க்வர்ணா 395 (93.6 சிசி, 7.9 கிலோ) அல்லது ஸ்டில் 661 (91.1 சிசி, 7.4 கிலோ) போதும். நாலடி மரத்துக்கு நாலடி பார் தேவையில்லை. பாதியைவிடக் கொஞ்சம் நீளம் இருந்தால் இரண்டு பக்கமும் சுற்றி வந்து அறுத்துவிடலாம். 2019இல் வந்த ஸ்டில் 500ஐ, கார்களைப் போல எரிபொருளைப் பீய்ச்சும் முறை, 6.2 கிலோவில் 5 கிலோவாட். 46 கிலோவிலிருந்து 90 வருஷத்தில் இங்கே வந்து நிற்கிறோம்.

கடையில் சொல்லாத ஒன்று மலையில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். ஆயிரம் மீட்டருக்குச் சாதாரண இஞ்சினின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். போடியில் கார்பரேட்டர் திருகி ட்யூன் செய்த பழைய மிஷின் மெட்டுக்கு மேலே போனதும் புகை கக்கும், இழுக்காது. காற்று குறைந்ததால் பெட்ரோல் கூடிப்போகிறது. மேலே திருகி வைத்து, மறந்து அப்படியே அடிவாரத்துக்குக் கொண்டுவந்து புளியமரத்தில் போட்டால் பெட்ரோலும் அதில் கலந்த ஆயிலும் போதாமல் சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். புதிய மிஷின்கள் தாமாகவே சரிசெய்துகொள்கின்றன. 661க்கு நான் ஓட்டுப் போடுவது அதற்காகத்தான். ஆனால் அந்த எலக்ட்ரானிக்ஸ் கெட்டால் தேவாரத்தில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 070ஐ சைக்கிள் கடைக்காரரே பார்த்துவிடுவார்.

உடம்புக் கணக்கும் மாறியது. இடுப்புக்குப் பதில் விரல். 1960களில் ஜப்பானிலும் பிரிட்டனிலும் வனத்தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். மிஷினின் அதிர்வு ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிடுகிறது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் பிடிகள் வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். மெட்டில் டிசம்பர் அதிகாலையில் கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு, "சூடே தெரியலண்ணே, வெரலு அடுத்தவன் வெரலு மாதிரி இருக்கு" என்று ஒரு மிஷின்காரத் தம்பி என்னிடம் சொன்னார். வயசு முப்பதுக்குள்தான். கைலியும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தார். நாலு இழுவையில் சங்கிலி தொடையைத் தொட்டுவிடக்கூடிய வேலை.

இப்போது அந்த ஒரு பகலுக்கு வருகிறேன். ஏலமலையின் சட்டம் விசித்திரமானது. நிலம் வருவாய்த்துறைக்கு, அதில் நிற்கும் மரம் வனத்துறைக்கு. ஏலச்செடி நிழலில் வளர்வது, நிழல் காட்டுமரம் தருவது, ஆகவே செடிக்காரனுக்கு நிலத்தைக் கொடு, மரத்தை அவன் கையில் கொடுக்காதே என்பது பழைய ஏற்பாடு. 1897இல் ஒதுக்கப்பட்ட காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா 2,15,720 ஏக்கரா என்பதே இன்னும் உச்சநீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு. ஒரே ஒரு எண், முன்னால் ஒரு 2. தமிழ்நாட்டுப் பக்கத்தில் 1955இல் மலைப்பகுதி மரங்களுக்கென்று சட்டம், 1994இல் தோதகத்திக்கென்றே தனிச்சட்டம். நீலகிரியின் கூடலூர்க் காடுகளிலிருந்து கிளம்பிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் காட்டுக்குள் அனுமதியில்லாமல் ஓடும் மர மில்களையெல்லாம் நிறுத்தச் சொன்னது.

இவை எல்லாமே மரம் மெதுவாகத்தான் விழும் என்று நம்பி எழுதப்பட்டவை. ஒரு பகல் முழுக்க ரம்பச் சத்தம் கேட்டால் வாட்சர் வந்துவிடுவார். மில் என்றால் கட்டடம், கரண்ட், முகவரி இருக்கும், சீல் வைக்கலாம். தோளில் போகிற 880க்கு முகவரி ஏது? அது போய் நின்ற இடம்தான் மில்.

இது கற்பனைக் கவலை இல்லை. 2020 அக்டோபரில் கேரள வருவாய்த்துறை ஓர் உத்தரவு போட்டது, பட்டா நிலத்தில் விவசாயிகள் நட்ட, தானாய் முளைத்த மரங்களைச் சந்தனம் நீங்கலாக வெட்டிக்கொள்ளலாம் என்று. 2021 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான் அது உயிரோடு இருந்தது. வயநாட்டின் முட்டிலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள், நம்மூரில் தோதகத்தி என்போம், சாய்ந்துவிட்டன. பெரியப்பா காலத்து ரம்பமாக இருந்தால் நூறு மரத்துக்கு எத்தனை ஜோடி அறுப்புக்காரர்கள், எத்தனை பகல், எத்தனை ஊருக்குத் தெரிந்திருக்கும்!

பிலிப்பைன்ஸ் 2002இல் ரம்பத்துக்கே சட்டம் போட்டது, துப்பாக்கி மாதிரி பதிவு செய்ய வேண்டும். இலங்கையிலும் பதிவு உண்டு. 2019இல் அன்றைய ஜனாதிபதி சிறிசேன இறக்குமதிக்கே தடை என்று அறிவித்தார். நம் பக்கம் அப்படி ஒன்று வந்தால் நான் ஆதரிப்பேனா? பதிவை ஆதரிப்பேன். தடையை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் ரோட்டை மறித்துக் கிடந்த தென்னைகளை அகற்ற இதே மிஷின்கள்தான் வேண்டியிருந்தன. மறுபடி யாரையும் பரணுக்குக் கீழே நிறுத்தவும் எனக்கு மனசில்லை.

தோட்டத்திலும் நிலைமை மாறிவிட்டது. ஞள்ளாணி என்ற அதிக விளைச்சல் ஏலக்காய் ரகம் பழைய ரகங்களைவிட வெயில் கேட்கும். அதனால் நிழலைக் குறைக்கிறார்கள். மழைக்கு முன்னால் கொம்பு கழிப்பதற்கு இன்னும் மரமேறிகள்தான், இடுப்பில் அரிவாள், காலில் கயிறு. அந்த உயரத்துக்கு எந்தப் பெரிய மிஷினையும் ஒரு மனுஷன் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. எங்கள் ஊரிலிருந்து விடியும் முன்னே ஜீப்பில் போகிறவர்களில் அவர்களும் உண்டு. ஒரு வெடிப்பலாவை முழுக்க மொட்டையடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருத்தரிடம் கேட்டேன். "மொட்டையடிச்சா மரம் செத்துரும்ண்ணே, அவிங்க அதுக்கும் கூலி தர்றேங்கிறாங்க" என்றார்.