எந்தச் சூளையில் வெந்த இசை

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அப்பாவுக்கு அச்சு வேலை. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, ஈரத்தை அச்சு இழுக்கும்வரை காத்திருந்து பொம்மையை எடுப்பார். ஒரே அச்சில் பிறந்த இரண்டும் வேறு வேறு சூளையில் வெந்தால் நிறம் மாறிவிடும் என்பார். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் இசைக்கு எந்த மாட்யூல் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தச் சூளைதான் ஞாபகம் வரும்.

மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 1983-ல் வந்த முறை மிடி. அதில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடுவது என்ற உத்தரவுகள் மட்டுமே. அவற்றை வேகவைத்து ஒலியாக்குவது மாட்யூல்.

ரோலண்டு நிறுவனம் 1987-ல் எம்டி-32 என்ற மாட்யூலை வெளியிட்டது. அப்போது மெமரி விலை அதிகம். அதனால் பல டோன்களில் வாத்தியம் தொடங்கும் அந்த நொடியை மட்டும் பதிவாக வைத்து, பின்னால் நீளும் ஓசையை சிந்தசைசர் முறையில் ஒட்டினார்கள். அந்த ஒட்டில்தான் அதன் தனிக் குரலே இருக்கிறது. மறு வருடமே சியாரா நிறுவனம் வில்லியம் கோல்ட்ஸ்டீனின் இசையோடு ‘கிங்ஸ் குவெஸ்ட் 4’ விளையாட்டைக் கொண்டுவந்தது. பெரும்பாலான பிசிக்கள் ‘பீப்’ என்று மட்டும் கத்திய காலம் அது. வாடிக்கையாளர்களுக்கு எம்டி-32-ஐ சியாராவே விற்கவும் செய்தது.

1991-ல் ஜெனரல் மிடி என்ற பொதுத் தரம் 128 வாத்தியங்களுக்கு ஒரே வரிசை வகுத்தது. அதே வருடம் அந்த வரிசையோடு ரோலண்டின் எஸ்சி-55 மாட்யூல் வந்தது. 1993-ல் வந்த ‘டூம்’ விளையாட்டுக்கு பாபி பிரின்ஸ் இசையமைத்தது இதை வைத்துத்தான்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த நாட்களில் எங்களிடம் இருந்ததும் எஸ்சி-55தான். அதில் ஒரு 1989-ஆம் வருட விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. புது வரிசையில் 105-ஆவது சிதார்; எம்டி-32-ல் அதே எண் மரிம்பா. போதாததற்கு, அந்தக் கால விளையாட்டுகள் தாங்களே செய்த டோன்களை எம்டி-32-க்குள் ஏற்றிவிட்டுத்தான் வாசிக்கும். எஸ்சி-55-க்கு அது புரியாது.

ஆகவே, விளையாட்டு வந்த வருடத்தைப் பாருங்கள். 1988 முதல் 1991 வரை என்றால் பெரும்பாலும் எம்டி-32. அதற்குப் பிந்தியதென்றால் எஸ்சி-55. ஹெட்போன் துளை இல்லாத எம்டி-32 முதல் தலைமுறை. உத்தரவுகள் வேகமாக வந்து குவிந்தால் திரையில் பிழை காட்டி நிற்கும். ஆனாலும் ஆரம்பகால விளையாட்டுகள் சில அதில்தான் சரியாகப் பாடும். அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும், மாற்றிச் செருகிவிடாதீர்கள். பணம் இல்லையென்றால் முண்ட் என்ற இலவச மென்பொருளில் எம்டி-32-ஐக் கேட்டுப் பழகிவிட்டு அப்புறம் வாங்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்சி-55 போதும். ஆனால் என் மனசு எம்டி-32 பக்கம்.

ஒருநாள் ராத்திரி ‘டூம்’ பாட்டை ஓடவிட்டேன். எஸ்சி-55-இன் ஆரஞ்சுத் திரையில் பதினாறு பாகத்துக்கும் தனித்தனிக் கோடு உண்டு. அவை எழுந்து எழுந்து விழுவதை அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதுல எந்தக் கோடுடா தவிலு?”

பத்தாவதைத் தொட்டுக் காட்டினேன்.