உயிர்காப்புச் சிகிச்சை விலக்கல்

மீளும் வாய்ப்பற்ற நோயாளிக்குச் செயற்கைச் சுவாசம், குழாய்வழி உணவு முதலியவற்றை நிறுத்துதல் அல்லது தொடங்காதிருத்தல். செயலற்ற கருணைக்கொலை எனவும் வழங்கும். மருந்து செலுத்தி இறப்பை விளைவிக்கும் நேரடிக் கருணைக்கொலை இந்தியாவில் குற்றமாகும்.

வரலாறு: அருணா ஷான்பாக் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற அனுமதியுடன் செயலற்ற கருணைக்கொலையை ஏற்றது. காமன் காஸ் வழக்கில் (9 மார்ச் 2018) ஐவர் அமர்வு, கண்ணியமாக இறக்கும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றும், முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது.

நடைமுறை: 2023 ஜனவரித் திருத்தப்படி ஆவணத்துக்கு இரு சாட்சிகளும் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்றும் தேவை. சிகிச்சையை விலக்க இரு மருத்துவக் குழுக்கள் ஒப்புதல் அளிக்க வேண்டும்; நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். நாடெங்கும் இதுவே விதி.

அறநெறி: நோயாளியின் தன்னுரிமையும் பயனற்ற துன்பம் தவிர்த்தலும் இதற்கு அடிப்படை; உயிரின் புனிதம், முதியோர் மீதான நிர்ப்பந்தம் ஆகியவை எதிர்வாதங்கள். சிகிச்சையை விலக்கினும் வலிதணிப்புப் பராமரிப்பு தொடரும்.