அச்சேறிய குற்றம்

தப்புச் செய்கிறவன் அதை ஒளித்து வைப்பான் என்பது கதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கொலை செய்தவனைக் கத்தியைக் கிணற்றில் போடச் சொல்லுவோம். கள்ளக் கணக்கு எழுதியவனை ஏட்டைக் கொளுத்தச் செய்வோம். அப்போதுதானே துப்பறிகிறவருக்கு வேலை! ஆனால், நாற்பது வருஷம் ஒரு கொடுமையைச் செய்துகொண்டே, அதை அவ்வப்போது கட்டுரையாக எழுதி, அட்டவணை சேர்த்து, தங்கள் பெயரையும் உத்தியோகத்தையும் மேலே அச்சடித்து வெளியிட்ட மனிதர்களைப் பற்றிப் படித்தபோது, என் தொழில் நம்பிக்கையே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் டஸ்கீகி என்று ஓர் ஊர். அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881-ஆம் வருஷம் தம் இனத்தவருக்காகக் கல்விச்சாலை ஏற்படுத்திய புண்ணிய பூமி அது. அதே ஊரில், 1932-ஆம் வருஷம், அரசாங்கப் பொதுச் சுகாதார இலாகாவின் வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். சிபிலிஸ் என்கிற மேகநோயைச் சிகிச்சையே செய்யாமல் விட்டுவிட்டால் மனித உடம்பை அது எப்படியெல்லாம் அரிக்கிறது என்று கடைசிவரை கவனிப்பதுதான் ஆராய்ச்சி. அகப்பட்டவர்கள் சுமார் 600 பேர். நோய் உள்ளவர்கள் 399, இல்லாதவர்கள் 201. அத்தனை பேரும் கறுப்பு இனத்தவர். பெரும்பாலும் வாரத்துக்கு நிலம் உழுத ஏழைகள்.

உங்களுக்கு இன்ன நோய் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. "கெட்ட ரத்தம்" என்றார்கள். ஆராய்ச்சிக்காக முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததையே விசேஷ இலவசச் சிகிச்சை என்று சொல்லி அழைத்தார்கள். வந்துபோக வண்டி, ஒரு வேளைச் சாப்பாடு, செத்தால் அடக்கச் செலவு. இந்த அடக்கச் செலவுக்குப் பிரதியாகப் பிரேதத்தை அறுத்துப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். இரண்டாவது மகா யுத்தத்தின்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் நோய் கண்டவர்களைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். இந்த மனிதர்களை மட்டும் அனுப்பவிடாமல் இலாகா பார்த்துக்கொண்டது. 1940-களின் பிற்பகுதியில் பென்சிலின் தாராளமாகக் கிடைத்தது. அது இந்த நோயைக் குணப்படுத்தும் என்றும் தெரிந்துபோயிற்று. அப்படியும் ஊசி போடவில்லை. போட்டால் ஆராய்ச்சி கெட்டுப்போகும் அல்லவா? 1958-இல் வருஷத்துக்கு ஒரு டாலர் வீதம் 25 டாலரும் ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள்!

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். இந்த ஆராய்ச்சியைப் பற்றிய முதல் கட்டுரை 1936-லேயே அச்சாகிவிட்டது. பிறகும் பல கட்டுரைகள் மதிப்புள்ள வைத்தியப் பத்திரிகைகளில் வந்தன. 1964-இல் வந்த கட்டுரை, சிகிச்சை பெறாத நோயாளிகளை முப்பது வருஷம் கவனித்த கதை என்று தலைப்பிலேயே சொல்லிற்று. ஆசிரியர்கள் படித்தார்கள், திருத்தினார்கள், போட்டார்கள். ஆயிரக்கணக்கான டாக்டர்கள் படித்தார்கள். அந்த மனிதர்கள் இதற்குச் சம்மதித்தார்களா என்று கேட்கத் தோன்றவில்லை.

படித்தவர்கள் அத்தனை பேரும் கல் நெஞ்சக்காரர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. காரணம் அந்த எழுத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நான் கதை எழுத உட்கார்ந்தால் முதலில் ஆளுக்கு ஒரு பெயர் வைக்கிறேன். அவன் மனைவிக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு திண்ணை. வாசகர் அவனுக்காக இரங்குவது அதனால்தான். விஞ்ஞானக் கட்டுரையில் நோயாளியின் பெயரை எடுத்துவிடுகிறார்கள். அவன் மானத்தைக் காப்பாற்ற அது அவசியம். ஆனால் பெயர் போகும்போது, கவனிக்காவிட்டால், ஆளும் கூடவே போய்விடுகிறான். மிஞ்சுவது ஓர் எண். எண்ணைப் பார்த்து யார் அழப்போகிறார்கள்?

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஹென்றி பீச்சர் என்பவர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் மயக்க மருந்து சாஸ்திரப் பேராசிரியர். நோயாளிகளைப் பகடைக்காயாக வைத்து நடந்த ஆராய்ச்சிகளை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். ரகசியத் துப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து, அச்சான பத்திரிகைகளைப் புரட்டினாலே போதுமாக இருந்தது! ஒரு பிரபல பத்திரிகை அவர் கட்டுரையை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. சுருக்கி எழுதி, 22 உதாரணங்களோடு 1966 ஜூனில் நியூ இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்தது ஓர் உதாரணம். வயோதிக நோயாளிகளின் உடம்பில், சொல்லாமலே, உயிருள்ள புற்றுநோய் அணுக்களைச் செலுத்தியது இன்னொன்று. அவர் முதலில் சேர்த்த 50 உதாரணங்களில் நோயாளியின் சம்மதத்தைப் பற்றிய பேச்சு இரண்டே இரண்டில்தான் இருந்ததாம்.

இத்தனைக்கும் 1947-இலேயே நாஜி வைத்தியர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், மனிதனின் மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அவனைப் பரிசோதிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தது. அது அந்தக் கொலைகாரர்களுக்குச் சொன்னது, நமக்கில்லை என்று நல்லவர்கள் நினைத்துக்கொண்டார்கள் போலும்.

பீச்சர் இன்னொன்றும் சொன்னார். முறை தவறிப் பெற்ற முடிவுகளைப் பத்திரிகைகள் பிரசுரிக்கவே கூடாது என்றார். சட்டவிரோதமாகப் பிடுங்கிவந்த சாட்சியத்தை நீதிமன்றம் தள்ளிவிடுகிறதல்லவா, அதுபோல. உலக வைத்தியர் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் செய்திருந்தது. 1975-இல் டோக்கியோவில் அதைத் திருத்தியபோது, இந்த நெறிகளுக்கு மாறான ஆராய்ச்சிகளைப் பிரசுரத்துக்கு ஏற்கலாகாது என்று சேர்த்தார்கள். இன்று நல்ல பத்திரிகை எதுவும், ஒழுக்கக் குழு அனுமதித்ததா, சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்காமல் கட்டுரையைத் தொடுவதில்லை.

மிருகங்களின் பாடு இன்னும் சிக்கல். நியூரம்பர்க் விதிகளே, மனிதனிடம் போகுமுன் மிருகத்திடம் சோதித்துப் பார் என்கின்றன. நம்மைக் காக்கிற சட்டம் அதன் முதுகில் நிற்கிறது. நாயிடம் கையெழுத்து வாங்க முடியாது. அதனால் அதன் சார்பில் நாமே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மூன்று கேள்விகளாக அதைச் சுருக்கினார்கள்: மிருகம் இல்லாமலே முடியுமா, குறைந்த எண்ணிக்கையில் முடியுமா, வலியைக் குறைத்துச் செய்ய முடியுமா? இவற்றையும் இப்போது பத்திரிகைகள் கேட்கின்றன.

ஒரு சந்தேகம் வரலாம். பாவ வழியில் வந்தாலும் உண்மை உண்மைதானே. அதைப் புதைத்துவிட்டால் நாளைய நோயாளிக்கு நஷ்டமல்லவா? நியாயமான கேள்வி. டக்காவு முகாமில் கைதிகளை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திச் சேர்த்த குறிப்புகளைப் பற்றியும் இப்படித்தான் வாதாடினார்கள். 1990-இல் ராபர்ட் பெர்கர் என்ற டாக்டர் அவற்றை ஆராய்ந்து, அவை விஞ்ஞானமாகவே தேறமாட்டா என்று காட்டினார். ஆனால் அந்தச் சௌகரியமான பதில் எப்போதும் கிடைக்காது. உண்மையாகவே பயனுள்ள ஒன்று கறைபட்ட கையில் இருந்தால்? அப்போதும் நான் பீச்சர் பக்கம்தான். ஆராய்ச்சிக்காரருக்குக் கூலி அச்சில் வரும் பெயர். அதை வைத்துத்தான் உத்தியோகம், பதவி, பட்டம் எல்லாம். அந்தக் கூலி கிடைக்காது என்று தெரிந்தால், அடுத்த டஸ்கீகியைத் தொடங்க நினைக்கிறவன் யோசிப்பான். இன்று இழக்கும் ஓர் அட்டவணைக்கு நாளை பிழைக்கும் மனிதர்கள் ஈடு.

அந்த 1964-ஆம் வருஷக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு டாக்டர் சும்மா இருக்கவில்லை. டெட்ராய்ட்டில் இருந்த இர்வின் ஷாட்ஸ் 1965-இல் அதை எழுதியவருக்குக் கடிதம் போட்டார். சிகிச்சை இருந்தும் கொடுக்காமல் விட்டீர்களே, இது தர்மமா என்று கேட்டார். இப்படி ஒரு கடிதம் வருவது இதுவே முதல் தடவை, பதில் எழுதும் உத்தேசம் இல்லை என்று குறிப்பெழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். பிறகு இலாகா ஊழியர் பீட்டர் பக்ஸ்டன் வருஷக்கணக்காக முட்டி மோதி, கடைசியில் பத்திரிகை நிருபரிடம் சொன்னார். 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி சாதாரண ஜனங்கள் படிக்கும் தினசரிகளில் வந்தது. அந்த வருஷமே ஆராய்ச்சி நின்றது. 1997-இல் ஜனாதிபதி கிளிண்டன் உயிரோடு மிஞ்சியிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

வைத்தியப் பத்திரிகையில் முப்பத்தாறு வருஷம் கிடந்த விஷயம்தான் தினசரியிலும் வந்தது. தினசரி படித்தவர்களுக்கு அட்டவணை புரியாது. அதனால்தானோ என்னவோ, அவர்கள் கண்ணுக்கு மனிதர்கள் தெரிந்தார்கள்.