கரும்புக்குள்ள ஒரு கூட்டல் கணக்கு

ரிஷிவந்தியம் பக்கம் எங்க திரும்பினாலும் கரும்புதான். ஆனா பள்ளிக்கூடத்துல செல் பாடம்னா எங்களுக்கு வெங்காயத் தோல்தான். கரும்பை யாரும் காட்டலை!

மனுஷ செல்லுக்குள்ள 46 குரோமோசோம். 'வெள்ளை'ங்கிற தடிக் கரும்புக்கு 80, கோவைப் பக்கத்து நாணலுக்கு 64. கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் இந்த ரெண்டையும் கலந்ததில் பிறந்து, 1918-ல் வயலுக்கு வந்ததுதான் கோ 205. அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதின்னா 40+32=72 தானே வரணும்? வந்ததோ 112. தாய்க் கரும்பு பாதியாக்காம 80-ஐயும் அப்படியே குடுத்திருச்சு. இனிப்பு தாயோடது, தாக்குப்பிடிக்கிற உரம் நாணலோடது. இன்னிக்கு நம்ம வயல்ல நிக்கிற ரகங்களும் இதே மாதிரி கலப்பு வம்சம்தாங்க.

வேர் நுனியை நறுக்கி, சாயம் ஏத்தி, மைக்ரோஸ்கோப்பில் ஒண்ணொண்ணா எண்ணணும். அந்த வேலைக்கு 1934-ல் கோவை வந்தவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி, மாநிலக் கல்லூரிகளில் படிச்சு, 1931-ல் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கினவர். கரும்பை மக்காச்சோளத்தோடவே கலந்து பார்த்திருக்காங்க! அப்புறம் இங்கிலாந்து போய், 1945-ல் டார்லிங்டனோட சேர்ந்து பயிர்களோட குரோமோசோம் அட்லஸ் போட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, கம்ப்யூட்டரே இல்லாம ஒரு டேட்டாபேஸ். 1984-ல் காலமாகும்வரை மதுரவாயலில் ஆராய்ச்சிதான்.