பேரி ஹாரிஸ்

பேரி ஹாரிஸ் (15 டிசம்பர் 1929 – 8 டிசம்பர் 2021) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர், இசை ஆசிரியர். 1940களில் நியூயார்க்கில் உருவெடுத்த பீபாப் பாணியில் கடைசிவரை ஊன்றி நின்றவர். பெரும் கலைஞர்களின் விரல்களிலும் இசைத்தட்டுகளிலும் மட்டுமே இருந்த அந்தப் பாணிக்கு, பிறர் கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் இலக்கணத்தை வகுத்துத் தந்ததே அவருடைய தனிப்பெரும் சாதனை.

மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். தேவாலயத்தில் பியானோ வாசித்த தாயாரே முதல் ஆசிரியர். நான்கு வயதில் பாடம் தொடங்கியது. தேவாலய இசையா, ஜாஸா என்று தாயார் ஒருநாள் கேட்டபோது மகன் ஜாஸைத் தேர்ந்தெடுத்தார். பதின்பருவத்தில் சார்லி பார்க்கரின் சாக்ஸபோனும் பட் பவலின் பியானோவும் அவரை ஆட்கொண்டன. மோட்டார் ஆலைகளின் நகரமான டெட்ராய்ட் அப்போது ஜாஸ் பியானோவின் விளைநிலமாகவும் இருந்தது. ஹேங்க் ஜோன்ஸ், டாமி ஃபிளானகன், ரோலண்ட் ஹானா ஆகியோரும் அந்த வட்டாரத்திலிருந்து வந்தவர்களே. ஹாரிஸ் அங்குள்ள புளூ பேர்ட் இன் போன்ற இசை விடுதிகளில் வாசித்துப் பெயர் பெற்றார்.

இருபதுகளின் தொடக்கத்திலேயே அவர் ஆசிரியராகிவிட்டார். பள்ளியோ பாடத்திட்டமோ இல்லை; அவருடைய வீடுதான் வகுப்பறை. பிற்காலத்தில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸ், சாக்ஸபோன் கலைஞர்கள் ஜோ ஹெண்டர்சன், சார்ல்ஸ் மெக்ஃபர்சன் ஆகியோர் அங்கே கற்றவர்கள். பியானோக்காரரிடம் ஊதுகருவிக்காரர்கள் பாடம் கேட்க வந்தது கவனிக்கத்தக்கது. விரல் வைக்கும் முறையைக் காட்டிலும், இசையைச் சிந்திக்கும் முறையையே அவர் கற்பித்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1960இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் சேர்ந்து நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தார். அதே ஆண்டு அந்தக் குழுவின் பாஸ் கலைஞர் சாம் ஜோன்ஸ், டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் ஹேய்ஸ் ஆகியோருடன் சான் பிரான்சிஸ்கோவில் பதிவு செய்த ‘அட் தி ஜாஸ் வொர்க்‌ஷாப்’ அவருடைய தொடக்ககால இசைத்தட்டுகளில் சிறந்தது. 1963 டிசம்பரில் பதிவான டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் ‘தி சைட்விண்டர்’ இசைத்தட்டு பெருவெற்றி பெற்றது. அதில் ஹாரிஸ் தம் பழைய மாணவர் ஜோ ஹெண்டர்சனோடு சேர்ந்து வாசித்தார். சாக்ஸபோன் கலைஞர்கள் டெக்ஸ்டர் கார்டன், சன்னி ஸ்டிட் ஆகியோருக்கும், முதுமையிலிருந்த கோல்மன் ஹாக்கின்ஸுக்கும் பக்கம் வாசித்தார்.

ஜாஸ் கலைஞர்களை ஆதரித்த பனோனிகா டி கோனிக்ஸ்வார்ட்டருக்கு நியூ ஜெர்சியின் வீஹாக்கனில், ஹட்சன் ஆற்றோரம் ஒரு வீடு இருந்தது. ஹாரிஸ் நெடுங்காலம் அங்கே வாழ்ந்தார். பொதுமேடையிலிருந்து விலகிய பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும் அதே வீட்டில்தான். மங்கைப் பற்றி 1988இல் வெளியான ஆவணப்படத்தில் ஹாரிஸும் ஃபிளானகனும் இரண்டு பியானோக்களில் அவருடைய இசையை வாசிக்கிறார்கள்.

அவருடைய கற்பித்தல் முறையின் மையம், எட்டுச் சுரங்கள் கொண்ட ‘சிக்ஸ்த் டிமினிஷ்டு’ ஸ்கேல் என்னும் சுரவரிசை. சி மேஜரின் ஏழு சுரங்களோடு ஜி, ஏ ஆகிய இரண்டுக்கும் இடையிலுள்ள ஏ பிளாட்டைச் சேர்த்தால் அது கிடைக்கும். அந்த எட்டையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்தால் இரண்டு கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) உருவாகின்றன. சி, ஈ, ஜி, ஏ என்பது நிலைபெற்ற கார்டு; டி, எஃப், ஏ பிளாட், பி என்பது நகரத் துடிக்கும் டிமினிஷ்டு கார்டு. இரண்டும் மாறிமாறி வர, கார்டு ஓரிடத்தில் உறைந்து நிற்காமல் நடக்கத் தொடங்குகிறது. கார்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதை அவர் ஏற்கவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் இயக்கமே இசை என்றார்.

மனோதர்மமாக வாசிக்கும் மெட்டுக்கும் அவரிடம் விதிகள் இருந்தன. ஏழு சுர ஸ்கேலில் வேகமாக இறங்கிவந்தால் கார்டின் சுரங்கள் விரைவில் தாளத்தின் அடிகளிலிருந்து விலகிவிடும். தக்க இடத்தில் ஓர் அரைச்சுரத்தைக் கூட்டினால் அவை மீண்டும் அடிகளில் வந்து விழும். எந்தச் சுரத்தில் தொடங்கினால் எத்தனை அரைச்சுரம் கூட்டுவது என்பதை அவர் ஒழுங்குபடுத்தித் தந்தார். பார்க்கரின் வாசிப்பில் தானாக வந்ததுபோல் தோன்றும் நேர்த்தியின் உள்வேலையை இந்த எளிய கணக்கு பெரிதும் விளக்கிவிடுகிறது.

1982 முதல் 1987 வரை மன்ஹாட்டனின் எட்டாம் அவென்யூவில் ‘ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர்’ என்ற அரங்கை நடத்தினார். மது விற்பனை இல்லாததால் எல்லா வயதினரும் உள்ளே வர முடிந்தது. வகுப்பும் கச்சேரியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அரங்கு மூடப்பட்ட பிறகும் நியூயார்க்கில் வாராந்திர வகுப்புகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. தொடக்கநிலை மாணவரும் தேர்ந்த கலைஞரும் அருகருகே அமர்ந்து ஒரே பாடத்தைக் கேட்பது அவற்றின் வழக்கமாக இருந்தது. பாடகர்களுக்கும் தனிப் பகுதி இருந்தது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் பயணம் செய்து கற்பித்தார்.

1989இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் அவருக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ விருதை வழங்கியது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், தொண்ணூறு வயது கடந்த நிலையிலும், இணையவழியே பாடம் நடத்தினார். அந்தத் தொற்றின் பின்விளைவுகளால், 92ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு நியூ ஜெர்சியில் காலமானார்.

ஆசிரியர் என்ற புகழ் அவருடைய வாசிப்பை ஓரளவு மறைத்துவிட்டது, இது வருந்தத்தக்கது. டிரம்ஸ் கலைஞர் லிராய் வில்லியம்ஸுடன் வாசித்த ‘மேக்னிஃபிசென்ட்!’ (1969), இசையமைப்பாளர் டேட் டாமரனின் படைப்புகளுக்கென அமைந்த 1975ஆம் ஆண்டு இசைத்தட்டு, 1976இன் டோக்கியோ கச்சேரிப் பதிவு ஆகியவற்றைக் கேட்டால், விதிகளை வகுத்தவரின் கைகளில் அவை எவ்வளவு இயல்பாகப் பாடுகின்றன என்பது விளங்கும்.