தொப்பியில் அமர்ந்த மரங்கொத்தி

1938 மார்ச் 6. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சதுப்புக் காடு. ஜேம்ஸ் டானர் என்ற ஆராய்ச்சி மாணவர் மரத்தில் ஏறி, ஒரு மரங்கொத்திக் குஞ்சின் காலில் அடையாள வளையம் மாட்டினார். மிரண்டுபோன குஞ்சு கூட்டிலிருந்து குதித்துவிட்டது! டானர் பதறிப்போய் இறங்கி வந்து, கீழே கொடிகளுக்கு இடையே கிடந்த அதை எடுத்தார். நல்லவேளை, அடிபடவில்லை. கூட வந்த வனக்காவலர் ஜே.ஜே. குன் கையில் கொடுத்துவிட்டு, கேமராவை எடுத்தார். குஞ்சு குன்னின் கையில் ஏறி, தோளில் ஏறி, கடைசியில் தொப்பியின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அன்று எடுத்த படங்கள் 14. தந்த அலகு மரங்கொத்தியின் குஞ்சை யாரும் படம் பிடித்தது அந்த ஒரு முறைதான்.

சுமார் 20 அங்குல நீளமுள்ள பறவை இது. கறுப்பு வெள்ளை உடம்பு, தந்த நிறத்தில் அலகு, ஆணுக்குச் சிவப்புக் கொண்டை. புதிதாகப் பட்டுப்போன பெரிய மரங்களின் பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் வண்டுப் புழுக்களைத் தின்னும். அப்படிப்பட்ட மரங்கள் போதிய அளவு இருக்க வேண்டுமென்றால் முதிர்ந்த காடு பல சதுர மைல் வேண்டும். காடு குறைந்தால் பறவையும் குறையும், அவ்வளவுதான் கணக்கு.

அரிதாகிவிட்டது என்று தெரிந்ததும் மனிதர்கள் என்ன செய்தார்கள்? சுட்டார்கள்! 1924ல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஆலன் புளோரிடாவில் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தார். அவர் அந்தப் பக்கம் போனதும், பறவைகளைப் பாடம் செய்பவர்கள் அனுமதிச் சீட்டோடு வந்து இரண்டையும் சுட்டுவிட்டார்கள். 1932ல் லூசியானாவில் மேசன் ஸ்பென்சர் என்ற வழக்கறிஞர் இந்தப் பறவை இன்னும் இருக்கிறது என்றார். அதிகாரிகள் நம்பவில்லை. அவரும் ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்து நிரூபித்தார்!

1935ல் ஆலன் துப்பாக்கிக்குப் பதில் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு அந்தக் காட்டுக்கே போனார். சேற்றில் லாரி போகாததால் கருவிகளைக் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் ஏற்றினார்கள். பறவை படத்திலும் ஒலியிலும் பதிவானது. டானர் அந்தக் குழுவில் இருந்தவர்தான். 1937 முதல் 1939 வரை தனியாகத் தேடி அலைந்த அவர், நாடு முழுவதும் மிஞ்சியிருப்பது சுமார் இரண்டு டஜன்தான் என்று மதிப்பிட்டார்.

காட்டின் பெயர் 'சிங்கர் டிராக்ட்'. ஆம், பல வீடுகளில் மூலையில் நிற்குமே, அதே சிங்கர் தையல் மிஷின் கம்பெனிதான்! மிஷினுக்கு மரப்பெட்டி செய்ய ஓக் மரம் வேண்டுமென்று 1910களில் சுமார் 80,000 ஏக்கரை வாங்கிப் போட்டிருந்தது. பிறகு மரம் வெட்டும் உரிமை சிகாகோ மில் அண்ட் லம்பர் கம்பெனிக்குப் போனது. டானர் படம் எடுத்துக்கொண்டிருந்த நாட்களிலேயே கோடரி உள்ளே வந்துவிட்டது. ஆடுபான் சங்கம் போராடியது. நான்கு மாநில ஆளுநர்கள் கேட்டுக்கொண்டார்கள். காட்டில் ஒரு பகுதியை வாங்க லூசியானா அரசு 2 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. கம்பெனி மசியவில்லை. இரண்டாம் உலகப்போர் நேரம், ஆள் பற்றாக்குறை வேறு. ஜெர்மன் போர்க் கைதிகளை வைத்தும் மரம் வெட்டினார்கள்.

1944 ஏப்ரலில் டான் எக்கல்பெரி என்ற ஓவியர் அங்கே போனபோது இருந்தது ஒரே ஒரு பெண் பறவை. வெட்டுப்பட்ட காட்டின் நடுவே அதை வரைந்துவிட்டு வந்தார். அமெரிக்காவில் எல்லோரும் சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் கடைசிக் காட்சி அதுதான்.

அந்த நிலத்தில் வனவிலங்குச் சரணாலயம் வந்தது 1980ல்! 2004ல் ஆர்கன்சாஸில் சில நொடிகள் ஓடும் மங்கலான வீடியோ ஒன்று கிடைத்து, அந்தப் பறவையா இல்லையா என்று பெரிய சண்டையே நடந்தது. 2021ல் அமெரிக்க அரசு அழிந்ததாக அறிவிக்க முன்வந்தது. 2023ல் மற்ற 21 இனங்களைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது இதை மட்டும் நிறுத்தி வைத்தது. இன்றும் தேடிப் போகிறவர்கள் காட்டில் ஏதாவது குரல் கேட்டால், 1935ல் கழுதை வண்டியில் போன கருவி பதிவு செய்த ஒலியோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.