வீழ்ந்தது எந்த டாங்கி: அமெரிக்கக் கவசப் படைப் பயிற்சியில் நடுவரின் இடம் (1941–1991)

போர்ப் பயிற்சியில் எதிரெதிரே நிற்கும் டாங்கிகள் வெற்றுத் தோட்டாவைத்தான் சுடுகின்றன. எது எரிந்தது, எது தப்பியது என்பதை யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். டாங்கியின் எடை, பீரங்கியின் விட்டம் பற்றிய பேச்சில் இந்த நடுவர் பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போகிறார். அமெரிக்கத் தரைப்படையின் ஐம்பது ஆண்டு அனுபவத்தில், படைநகர்வுப் பயிற்சியின் தரம் அவருடைய தீர்ப்பின் உண்மையைப் பொறுத்தே ஏறி இறங்கியது என்பது என் வாதம்.

1941 செப்டம்பரில் லூயிசியானாவின் காடுகளிலும் சேற்றிலும் ஏறத்தாழ 4 லட்சம் வீரர்கள் இரு தரப்பாகப் பிரிந்து மோதினார்கள். ஜெனரல் லெஸ்லி மெக்நேர் நடத்திய பயிற்சி அது. போதிய டாங்கிகள் இல்லாத இடங்களில் லாரியின் பக்கவாட்டில் ‘டாங்கி’ என்று எழுதி ஓட்டினார்கள். கொடியும் கைப்புத்தகமுமாக நின்ற நடுவர்கள் இரு பக்கத்துச் சுடுதிறனையும் கணக்கிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த விதிகளில் ஒரு பெரிய கோணல் இருந்தது. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை டாங்கி சுட்டு வீழ்த்தினால் கணக்கில் சேராது. அது நிற்கும் இடத்தின் மேல் ஏறி மிதித்தால்தான் சேரும். 0.50 அங்குல இயந்திரத் துப்பாக்கிக்குக்கூட டாங்கியை அழிக்கும் தகுதி தரப்பட்டிருந்தது. பயிற்சியில் எதிர்ப்புப் பீரங்கிகள் சிறந்து விளங்கியதில் வியப்பில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே ‘டாங்கி அழிப்புப் படை’ என்று தனிப் பிரிவு பிறந்தது. போர்க்களம் அதன் கோட்பாட்டை ஏற்கவில்லை. போர் முடிந்ததும் அது கலைக்கப்பட்டது. 1940இல் ஜெர்மன் டாங்கிகளிடம் பிரான்ஸ் வீழ்ந்த அதிர்ச்சிக்கும் அதன் பிறப்பில் பங்குண்டு. ஆயினும் கைப்புத்தகத்தின் பிழை ஒரு படைப்பிரிவுக்குச் சான்றாக நின்றதை மறுக்க முடியாது.

அடுத்த பெரிய திருப்பம் 1973இல் வந்தது. ஜூலையில் பயிற்சிக்கும் கோட்பாட்டுக்குமான கட்டளையகம் தொடங்கப்பட்டது. அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் வெடித்து, ஏவுகணைக்கு முன்னால் டாங்கி படும் பாட்டைக் காட்டியது. கட்டளையகத்தின் முதல் தளபதி வில்லியம் டிபியூ. சரியாகப் பயிற்றப்படாத 90ஆம் டிவிஷன் 1944இல் நார்மண்டியில் கொடுத்த விலையை உள்ளிருந்து கண்ட மனிதர் அவர். அந்த நினைவுதான் அவரை வாழ்நாளெல்லாம் பயிற்சியின் பக்கமே இழுத்தது என்று நான் நம்புகிறேன்.

அவரோடு பணியாற்றிய பால் கார்மனின் காலத்தில் எளிய முறை ஒன்று பரவியது. துப்பாக்கியில் ஆறு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி, எதிராளியின் தலைக்கவசத்தில் ஓர் எண். எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டால் அவர் வீழ்ந்தார். ஒளிந்துகொள்ளத் தெரியாதவர் வீழ்ந்துகொண்டே இருந்தார். நடுவரோடு வாக்குவாதம் செய்ய இடமில்லை. பிறகு இதே வேலையை லேசர் ஏற்றது. குழலில் பொருத்திய லேசர் கதிர் பட்டால் வீரரின் உணர்கருவி விடாமல் கூவும். நிறுத்த வேண்டுமானால் தன் துப்பாக்கியின் லேசரிலிருந்து சாவியை உருவ வேண்டும், அத்துடன் அந்தத் துப்பாக்கியும் செத்துவிடும். டாங்கி என்றால் மேலே மஞ்சள் விளக்கு மின்னும். ஒவ்வோர் ஆயுதத்தின் கதிருக்கும் தனிக் குறியீடு இருந்ததால், சிறு துப்பாக்கி டாங்கியை வீழ்த்த வழியில்லை. 1941இன் கோணல் இங்கேதான் நேரானது.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஏறத்தாழ 1,000 சதுர மைல் பரப்புள்ள ஃபோர்ட் இர்வினில், 1980களின் தொடக்கத்தில் தேசியப் பயிற்சி மையம் இயங்கத் தொடங்கியது. சோவியத் ரெஜிமெண்ட் போலவே போரிடும் நிரந்தர ‘எதிரிப்படை’ அங்கேயே குடியிருந்தது; சோவியத் வாகனங்களின் தோற்றம் தரும்படி ஷெரிடன் டாங்கிகளுக்கு வேடம் கட்டியிருந்தார்கள். வந்த படைகள் பெரும்பாலும் தோற்றன. தோல்விக்குப் பின் நடந்த கூட்டாய்வுதான் என் பார்வையில் இம்மையத்தின் ஆகச் சிறந்த கொடை. என்ன நடந்தது, ஏன் நடந்தது, எதை மாற்றலாம் என்ற கேள்விகளுக்கு, பதிவான தரவை முன்வைத்துத் தளபதியும் தன் கீழ் உள்ளோர் எதிரிலேயே பதில் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் படை வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் களத்திலிருந்து திரும்பிய வீரர்களைக் கூட்டாக விசாரித்த வழக்கத்தில் இதன் வேர் உண்டு. இர்வின் பயிற்சிகளை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ஆய்வு, தாக்குதலுக்கு முந்தைய வேவு வென்றால் தாக்குதலும் பெரும்பாலும் வெல்கிறது என்று காட்டியது.

லேசருக்கும் குறையுண்டு. உண்மைக் குண்டு துளைத்துப்போகும் புதர் கதிரைத் தடுத்துவிடும். மேட்டுக்கு அப்பாலிருந்து விழும் பீரங்கிக் குண்டை அதனால் காட்டவே முடியாது. அதற்கு வெடியை எடுத்துக்கொண்டு ஆட்கள் வண்டியில் விரைய வேண்டியிருந்தது.

வளைகுடாப் போரில், 1991 பிப்ரவரி 26இல், ஈராக் பாலைவனத்தில் ‘73 ஈஸ்டிங்’ என்ற வரைபடக் கோட்டருகே, அமெரிக்கக் கேப்டன் எச்.ஆர். மெக்மாஸ்டரின் படைக்குழு 9 டாங்கிகளோடு சுமார் 23 நிமிடத்தில் ஈராக்கின் குடியரசுக் காவற்படையின் ஒரு பகுதியை நொறுக்கியது. அக்குழு ஜெர்மனியிலிருந்து வந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தது. இர்வினின் முறை அதற்குள் அந்நாட்டின் ஹோகன்ஃபெல்ஸ் பயிற்சிக் களத்துக்கும் போயிருந்தது. சில வாரங்களில் ஆய்வாளர்கள் வீரர்களோடு களத்துக்கே திரும்பி, அந்தச் சண்டையைக் கணினியில் வண்டி வண்டியாக மீட்டெடுத்தார்கள். மெய்ப்போரே கூட்டாய்வுக்கு உட்பட்டது. பிறகு ஆய்வாளர் ஸ்டீபன் பிடில் கணினி ஒப்புருக்களில் நிலைமைகளை மாற்றிப் பார்த்தார். அமெரிக்கரின் வெப்பநோக்கியை நீக்கினாலும், ஈராக்கியரின் தவறுகளைத் திருத்தினாலும், முடிவு பெரிதும் மாறியது. அத்தவறுகளில் ஒன்று, முன்காவல் நின்றவர்களிடமிருந்து பின்னிருந்த டாங்கிகளுக்கு எச்சரிக்கை வந்து சேராதது.